எஸ்கேப் அழுத்தாத லாத்தா

கம்ப்யூட்டர் வந்த முதல் வாரத்திலேயே எங்கள் ஆபீசில் எல்லாருக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. திரையின் நடுவில் ஒரு பெட்டி எழும்பினால், அது என்ன சொல்கிறது என்றுகூடப் பார்க்காமல் விரல் கீபோர்டின் இடது மூலைக்குப் போய்விடும். எஸ்கேப். பெட்டி மறைந்துவிடும். கொசு அடிப்பது மாதிரி, நினைப்பே இல்லாமல் நடக்கிற காரியம்.

லாத்தா மட்டும் அழுத்தமாட்டார். நாற்காலியில் சற்றுப் பின்னால் சாய்ந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பெட்டியில் இருப்பதை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரைக்கும் படிப்பார். படித்த பிறகும் மூடமாட்டார். அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"மூடுங்க லாத்தா, வேலைய மறைக்குது" என்பேன்.

"இரும்மா. இன்னாவோ சொல்ல வந்திருக்குது. சொல்லிட்டா தானா போயிடும்."

பழவேற்காட்டில் ஒரு பழைய வியாபாரி வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்து, ஏரியை ஆராய்கிற திட்டம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார்கள். எண்பதுகள் முடியப்போகிற சமயம். தண்ணீரில் எவ்வளவு உப்பு, எவ்வளவு சூடு, எந்த மாதம் எந்த மீன் என்று சுற்றியிருந்த குப்பங்களிலிருந்தெல்லாம் எண்கள் வரும். நான் கோட்டைக்குப்பத்துப் பெண். டைப்ரைட்டிங் பாஸ் செய்திருந்ததால் அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை கிடைத்தது. புரோகிராம் எழுத வந்தவர் லாத்தா. வெளியூர் இல்லை, நான்கு தெரு தள்ளி வீடு. ஒரு காலத்தில் கப்பல் வைத்து வியாபாரம் செய்த குடும்பம். மெட்ராசில் கணக்குப் படித்து, அங்கேயே கம்ப்யூட்டரும் படித்து, கல்யாணமாகிப் போய், ஒரு வருஷத்தில் திரும்பி வந்துவிட்டவர். முப்பது வயதிருக்கும். லாத்தா என்றால் அவர்கள் வீடுகளில் அக்கா. நாங்கள் எல்லாருமே அப்படித்தான் கூப்பிட்டோம். ஆபீசர்கூட ஓரிரு முறை வாய் தவறி, "லாத்தா, அந்த ரிப்போர்ட்..." என்று ஆரம்பித்துவிட்டு இருமியிருக்கிறார்.

வெயில் ஏறினால் ஏரியின் வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து எங்கள் அறையின் மச்சில் நெளியும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, உப்புக்காற்று படாமலிருக்கக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். முன்னால் பச்சை எழுத்துகள், தலைக்கு மேலே தண்ணீரின் நிழல். ஏரிக்கு அடியில் யாரோ ஒரு அறை கட்டி எங்களை வேலைக்கு வைத்திருப்பது போலிருக்கும். மின்சாரம் போய்த் திரை இருண்ட பிறகும் மச்சில் மட்டும் அலை ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

புரோகிராம் எழுதுவதற்கென்று இருந்த எடிட்டரைத் திறந்தாலே ஒரு பெட்டி வந்து நிற்கும். மெட்ராசிலிருந்து மெஷினைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன இன்ஜினியர், "அது அப்படித்தான் வரும், எஸ்கேப் அடிச்சிடுங்க" என்று சொல்லியிருந்தார். நாங்களும் அடித்துக்கொண்டிருந்தோம். லாத்தா வேலைக்கு வந்த முதல் நாள் அதைப் படித்தார். ஒரு ஃபைலைக் காணோம் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. தேடிப் பார்த்ததில் அந்த ஃபைல் வேறொரு இடத்தில் பத்திரமாக இருந்தது. அது இருக்கிற இடத்தை எடிட்டருக்கு ஒரு வரியில் எழுதிக் காட்டினார். மறுநாள் திறந்தோம். பெட்டி இல்லை.

"பாவம், தெனம் வந்து வழி கேட்டிருக்குது. நாம தெனம் தொரத்தியிருக்கோம்" என்றார்.

எல்லாப் பெட்டிக்கும் அவர் இரக்கப்பட்டார் என்று நினைக்க வேண்டாம். இன்னொன்று இருந்தது. ஒரு வரி அடித்து முடித்துக் கையைச் சற்று நிறுத்தினால் போதும், உதவி செய்கிறேன் என்று எழுதிக்கொண்டிருக்கிற வரியின் மேலேயே வந்து படுத்துக்கொள்ளும். இரண்டு நாள் அதையும் பொறுமையாகப் படித்தார். மூன்றாம் நாள், "இவனுக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. பேசுறதுக்காகப் பேசுறவன்" என்று சொல்லி, மெனுவுக்குள் மெனுவாக இறங்கிப் போய், அது எழும்பும் இடத்தைக் கண்டுபிடித்து அணைத்துவிட்டார். அதற்கப்புறம் அவன் வரவே இல்லை.

ஒரு மத்தியானம் லாத்தா எழுதிக் கொடுத்த புரோகிராமை அடித்துக்கொண்டிருந்தபோது நான் ஏதோ ஒரு கீயை அழுத்திவிட்டேன். திரையின் கீழ்ப்பாதியில் தவறுகளைக் காட்டுகிற ஒரு தட்டு இருக்கும். அது காணாமல் போய்விட்டது. புரோகிராமும் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று சொல்கிற இடமும் இல்லை. ஆபீசர் வந்து நின்றுகொண்டு, "யார் தொட்டது, எதைத் தொட்டது?" என்று கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்துவிட்டது. லாத்தா தொழுகை முடித்து வந்து பார்த்தார்.

"அழாதம்மா. போகல. மேல இருக்குறது பெருசாகிக் கீழ இருக்குறத மூடிக்கினு இருக்குது."

அவர் இரண்டு கீகளைச் சேர்த்து அழுத்தினார். திரையில் மேலே இருந்த ஜன்னல் சுருங்கியது. கீழே அந்தத் தட்டு அப்படியே இருந்தது. காலையிலிருந்து யாரும் பார்க்காத குறைகளையெல்லாம் வரிவரியாகச் சொல்லிவைத்திருந்தது. லாத்தா அவற்றைத் தெருச்சண்டை மாதிரி தமிழில் வாசித்துக் காட்டினார். "இங்க பாரு, பத்தாவது வரியில நீ ஒரு புள்ளி வெக்கலியாம். 'புள்ளி எங்க, புள்ளி எங்க'ன்னு கேட்டுக்கினே இருந்திருக்குது. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் அந்தக் கோவம்தான்." ஆபீசரும் சிரித்துவிட்டார். ஒரு புள்ளி வைத்ததும் எல்லாம் அடங்கியது.

மெஷினிடம் மட்டும் இப்படி என்றால் பரவாயில்லை. கடலை வாங்கிச் சாப்பிட்டால், பொட்டலம் கட்டிய காகிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் போடுவார். ஜன்னலில் காக்கா கத்தினால் எழுந்துபோய்ப் பார்ப்பார். ஆபீஸ் போனில் தவறான நம்பர் வந்தால், "நீங்க யாரத் தேடுறீங்க?" என்று கேட்டு, பொன்னேரியில் எவரோ ஒருவரின் மாமியாருக்கு உடம்பு சரியில்லாத கதை முழுவதையும் கேட்டுக்கொண்டிருப்பார். அவரிடம் சும்மா ஒரு வார்த்தைக்கு, "தலை வலிக்குது லாத்தா" என்று சொல்ல முடியாது. கையிலிருப்பதை வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார். நான் சொல்ல நினைக்காததெல்லாம் வாயிலிருந்து வந்துவிடும். வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், அந்தப் பையனின் குரல் எனக்குப் பிடிக்கவில்லை என்று நான் முதலில் சொன்னது என் அம்மாவிடம் இல்லை, அவரிடம்தான். அன்றைக்கு எனக்கு வந்தது தலைவலி மட்டும்தான் என்று நம்பி ஆபீசுக்கு வந்திருந்தேன். இதனால் சில நாட்கள் அவர் பக்கத்தில் உட்காரவே பயமாக இருக்கும்.

அவர் கணவர் வீட்டுக்காரர்கள் ஒருமுறை ஆபீசுக்கே வந்துவிட்டார்கள். பெரியவர் ஒருவர், கூட இரண்டு ஆண்கள். வீட்டில் பேசினால் லாத்தாவின் அத்தா, அதாவது அப்பா, குறுக்கே பேசுகிறார் என்பதால் இங்கே வந்திருந்தார்கள். மாடிப்படிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, லாத்தா எதிரில் உட்கார்ந்தார். குடும்ப மானம், ஊர்ப் பேச்சு, பையன் மெலிந்துபோனது, அவன் இப்போது முன்போல இல்லை என்பது, எல்லாவற்றையும் பெரியவர் சொன்னார். லாத்தா ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை. பெரியவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "இன்னும் இருக்குதா மாமா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். இருந்தது. அதையும் சொன்னார். டீ கிளாசில் ஆடை கட்டிவிட்டது.

கடைசியில் லாத்தா சொன்னார்: "முழுசாக் கேட்டுட்டேன் மாமா. நான் வரமாட்டேன்."

இரண்டு ஆண்களும் சட்டென்று எழுந்தார்கள். பெரியவர் எழவில்லை. "எங்க வீட்லகூட யாரும் நான் பேசி முடிக்கிற வரைக்கும் இருந்ததில்லம்மா" என்றார். படியிறங்கும்போது லாத்தாவின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அந்த வீட்டிலிருந்து பிறகு யாரும் வரவில்லை.

அந்தக் கல்யாணத்தில் என்ன நடந்தது என்று லாத்தா என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. அவர் கேட்கிற மாதிரி எனக்குக் கேட்கத் தெரியாது.

பசியாவரத்துக் காரியம் அதற்குப் பிறகு வந்தது. ஏரிக்குள் இருக்கிற தீவுக் குப்பம் அது. அங்கே தேசப்பன் என்பவர் தினமும் படகில் போய், ஏரி நடுவே நட்டிருந்த ஒரு மூங்கிலுக்குப் பக்கத்தில் தண்ணீர் எடுத்து, உப்பு பார்த்து எண்ணைக் குறிக்க வேண்டும். ஊர்ப்படகில் வருகிறவர்கள் எண்களை எங்களிடம் சேர்ப்பார்கள். நான் ஏற்றுவேன். பசியாவரத்து எண்ணை ஏற்றினால் மட்டும் ஒரு பெட்டி எழும்பும். அந்தப் புரோகிராம் லாத்தா எழுதியதில்லை, மெட்ராஸ்காரர்கள் முன்பே எழுதிக் கொடுத்தது. எஸ்கேப் அடித்து அடுத்த எண்ணுக்குப் போவது என் வழக்கம்.

ஒருநாள் லாத்தா எனக்குப் பின்னால் நின்று முறுக்கு தின்றுகொண்டிருந்தார். பெட்டி எழும்பியது.

"கைய எடும்மா."

கையை எடுத்தேன். அவர் குனிந்து படித்தார். நேற்று வந்த எண்ணும் இன்று வந்த எண்ணும் ஒன்றுதான், சரிபார்த்தீர்களா என்று அது கேட்டது. பழைய எண்களைத் திருப்பிப் பார்த்தோம். இருபத்திரண்டு. அதற்கு முன்னாலும் இருபத்திரண்டு. மழை கொட்டி ஏரி நிரம்பி, உப்பு குறைந்திருக்க வேண்டிய வாரத்திலும் இருபத்திரண்டு.

அதே நேரத்தில் ஆபீசருக்கும் அந்தப் பெட்டி கண்ணில் குத்த ஆரம்பித்திருந்தது. பெரிய அதிகாரிகள் திட்டத்தைப் பார்க்க வரப்போகிறார்கள். "அவங்க முன்னாடி அது தொப்பு தொப்புன்னு வந்து நிக்கக்கூடாது. ஒரு வரிய எடுத்தா நின்னுடும்தானே?" என்றார்.

"ஒரு வரிதான் சார். ஆனா அது நம்மள ஒண்ணு கேக்குது. பதில் சொல்லிட்டு நிறுத்திடறேன். கொஞ்சம் டைம் குடுங்க."

"உங்களால முடியலேன்னா சொல்லுங்க, வர்ற வாரம் இன்ஜினியர வரச்சொல்றேன்."

மறுநாள் காலை நானும் லாத்தாவும் பசியாவரத்துக்குப் போனோம். ஏரிக்கரையிலேயே பிறந்தவர் என்றாலும் லாத்தாவுக்குத் தண்ணீர் என்றால் பயம் என்று அன்றுதான் தெரிந்தது. ஊர்ப்படகின் நடுப்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணைக் கால்விரல்களிலேயே வைத்திருந்தார்.

தேசப்பன் அண்ணனின் மனைவி வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். "அவரு இல்ல. தண்ணி எடுக்கப் போயிக்கிறாரு" என்றார். படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் கோழி நின்றது. லாத்தா மணலில் உட்கார்ந்துகொண்டார்.

"திட்ட வரலம்மா. ஆபீசருக்கும் தெரியாது. ஒரே நம்பரா வருதே, இன்னா விஷயம்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்."

அந்த அம்மா வலையின் அடுத்த சிக்கைப் பிரிக்க ஆரம்பித்தார். குடிசைக்குள் இருமல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தேசப்பன் அண்ணன் தானாகவே வெளியே வந்தார். நல்ல உயரம். தோளெல்லாம் துடுப்புப் பிடித்த தோள். ஆனால் யாரோ கையைப் பிடித்து அழைத்துவந்த மாதிரி நின்றார்.

"முகத்துவாரத்துல தம்பி போயிட்டான் மேடம்" என்றார். "நானும் அவனும்தான் போனோம். அலை பொரட்டிச்சி. நான் வந்துட்டேன்."

அவ்வளவுதான் சொல்ல இருந்தவர் போல நிறுத்தினார். லாத்தா அவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். தேசப்பன் அண்ணன் மறுபடி ஆரம்பித்தார். தம்பி கூப்பிட்டது. கை நீட்டியது. விரல் பட்டு நழுவியது. அதற்கப்புறம் படகில் கால் வைத்தால் தொடை நடுங்குவது. ஆம்பளை இதை யாரிடம் சொல்வது என்று ஊரில் யாரிடமும் சொல்லாதது. கடைசியாகப் பார்த்த எண் இருபத்திரண்டு, அதையே எழுதிக்கொண்டிருந்தது. "இந்த வேலையும் போச்சின்னா நான் இன்னா செய்வேன்? கடலுக்கும் போவ முடில. இன்னா ஆம்பள நான்?"

அவர் மனைவி வலையை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். விரல் நழுவிய விஷயத்தை அவரும் அன்றைக்குத்தான் கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

லாத்தா ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. "எனக்கும் பயம் அண்ணே. வர்றப்போ பலகையப் புடிச்சிக்கினே வந்தேன், இவளக் கேளுங்க" என்றார். "அந்த மூங்கில் வரைக்கும் நான் வரணும். நீங்க தள்ளுனா வர்றேன்."

"முடியாது மேடம்."

"சரி. நாளைக்கு வர்றேன்."

மறுநாளும் போனோம். அன்றும் முடியாது என்றார். அதற்கடுத்த நாள் நாங்கள் போனபோது படகு நிமிர்ந்திருந்தது. கோழி கரையில் நின்றுகொண்டிருந்தது.

மற்றதைச் சொல்லிவிட்டு அந்தப் படகுக்கு வருகிறேன். இன்ஜினியர் மெட்ராசிலிருந்து வந்தார். எண்ணை ஏற்றச் சொன்னார், ஏற்றினேன். இன்னொன்று ஏற்றச் சொன்னார், ஏற்றினேன். பெட்டி வரவில்லை. எண்கள் தினமும் மாறிக்கொண்டிருந்தன, அது ஏன் வரப்போகிறது? எங்கள் ஆபீஸ் சமையல்காரம்மா செய்த இறால் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு இன்ஜினியர் பஸ் ஏறிவிட்டார். "எப்படியோ நிறுத்திட்டீங்களே" என்று ஆபீசர் லாத்தாவிடம் சந்தோஷப்பட்டார். "நான் நிறுத்தல சார். அதுவே நின்னுபோச்சி" என்றார் லாத்தா. அடக்கத்துக்குச் சொல்கிறார் என்று ஆபீசர் நினைத்துக்கொண்டார். பசியாவரத்தின் பழைய இருபத்திரண்டுகளை நம்பக்கூடாது என்று லாத்தாவே புரோகிராமில் ஒரு குறிப்பு எழுதி ஒதுக்கிவைத்தார். காரணம் எழுதவில்லை. பெட்டியை எழுப்புகிற அந்த ஒற்றை வரியையும் கடைசி வரை எடுக்கவில்லை.

திட்டம் இரண்டு வருஷத்தில் முடிந்தது. லாத்தா பெங்களூரில் வேலை கிடைத்துப் போனார். பிறகு அவருடைய அத்தாவும் வீட்டை விற்றுவிட்டு அங்கேயே போய்விட்டார். நான் அந்தக் குரல் பிடிக்காத பையனைக் கட்டிக்கொள்ளவில்லை. தேசப்பன் அண்ணன் மறு வருஷம் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்கும் போனார். அதை அவர் மனைவி சந்தையில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். சொல்லும்போது பயமும் பெருமையும் சேர்ந்து அவர் முகம் ஒரு தினுசாக இருந்தது.

படகுக்கு வருகிறேன். தை மாசம். காற்றே இல்லை. ஏரி எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தூரத்தில் பூநாரைகள் ஒரு இளஞ்சிவப்புக் கோடாக நின்றன. தேசப்பன் அண்ணன் படகின் பின்முனையில் ஏறி நின்றபோது அவர் கால் நடுங்குவது பலகை வழியாக எங்களுக்குத் தெரிந்தது. லாத்தா நடுப்பலகையை இறுக்கிப் பிடித்திருந்தார். தேசப்பன் அண்ணன் கழியை ஊன்றித் தள்ளினார். ஊன்றினார். தள்ளினார். கரையில் அவர் மனைவி முழங்கால் தண்ணீர் வரைக்கும் கூடவே நடந்துவந்து அங்கேயே நின்றுவிட்டார்.

மூங்கிலுக்குப் பக்கத்தில் குப்பியை இறக்கித் தண்ணீர் எடுத்தார். உப்பைப் பார்த்தார். நம்பாமல் மறுபடி பார்த்தார்.

"பத்தொம்போது" என்றார். பிறகு யாரோ எதிரில் இருப்பவரிடம் சொல்வதுபோல, மெதுவாக, "பத்தொம்போதுடா" என்றார். மீதித் தண்ணீரை முகத்தில் ஊற்றிக்கொண்டு கிழக்கே திரும்பி நின்றார். அந்தப் பக்கம்தான் முகத்துவாரம். கடல் உறுமுவது அங்கிருந்து லேசாகக் கேட்டது. நாங்கள் அவர் திரும்பும்வரை காத்திருந்தோம்.

திரும்பி வரும்போது நான் பூநாரைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது நடந்தது என்று தெரியவில்லை. பார்த்தால் லாத்தா பலகையை விட்டிருந்தார். கை மடியில் கிடந்தது. தலை படகின் விளிம்பில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, சின்னப் பெண் மாதிரி, தூங்கிக்கொண்டிருந்தார். கரை நெருங்கிக்கொண்டிருந்தது. எழுப்பலாமென்று தோளைத் தொடப் போனேன்.

"தூங்கட்டும்மா" என்றார் தேசப்பன் அண்ணன். "ஒரு சுத்து சுத்திப் போலாம்."

படகைக் கரையிலிருந்து திருப்பினார். கழியைத் தண்ணீரில் சத்தம் வராமல் இறக்கினார்.